பழைய ஸ்காட்லாந்து இசைத்தட்டுகள் பற்றிய இணையதளங்களை எப்படிக் காப்பாற்றுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும்) இசைத்தட்டுகளுக்காக ஆர்வலர்கள் நடத்திவந்த சிறு இணையதளங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. நீங்கள் பல வருடங்களாகப் படித்துவரும் ஒரு தளத்தின் உரிமையாளர், வயதாகிவிட்டது, அடுத்த வருடம் மூடிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். அதிலுள்ள நூற்றுக்கணக்கான பாட்டுகளை உடனே இறக்கி வைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. பாட்டைவிட முதலில் எழுத்தை இறக்குங்கள்.

இதைக் கேட்கப் பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையில் விற்ற இசைத்தட்டு எதுவும் ஒரே ஒரு பிரதியாக இருந்ததில்லை. பாடகர் ஹாரி லாடரின் தட்டுகள் இன்றும் பிரிட்டனின் பழைய பொருள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஜிம்மி ஷாண்டின் அக்கார்டியன் தட்டு ஒன்று உங்களிடம் உடைந்தால் இன்னொருவரிடம் அதே தட்டு இருக்கும். ஆனால் அந்தத் தட்டு எந்த ஊரில் எந்த மாதம் பதிவானது, பின்னால் பியானோ வாசித்தவர் யார், தட்டில் ஒட்டிய லேபிளில் உள்ள பெயர் உண்மைப் பெயரா புனைபெயரா, இதே வாசிப்பு வேறு எந்த நிறுவனத்தின் பெயரில் வேறு எண்ணில் வந்தது என்பதெல்லாம் பல நேரங்களில் அந்தத் தள உரிமையாளர் ஒருவரின் வலைப்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அவர் இருபது முப்பது வருடம் தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டிக் கண்டுபிடித்தது அது. அது போனால் திரும்ப வராது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து மலிவு லேபிள்கள், அதாவது தட்டு விற்ற வணிகப் பெயர்கள், ஒரே பதிவை வேறு பெயரில், வேறு எண்ணில் திரும்பத் திரும்ப விற்றன. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மிகவும் வேண்டிய பெல்டோனா லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் தொடங்கிய அந்த லேபிளுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் தட்டு அச்சடித்துக் கொடுத்தன, கடைசியில் அது டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. தட்டில் ஒட்டிய லேபிளை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. தட்டின் நடுவில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் அந்த வெற்று இடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகக் கொடுத்த எண்ணை, பார்க்க வேண்டும். ஹாரி லாடரும் அப்படித்தான். 1902 முதல் பதிவு செய்தவர், தனக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டுகளை வெவ்வேறு வருடங்களில் மறுபடி மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார். பாட்டின் பெயர் ஒன்றுதான், குரல் வேறு, வேகம் வேறு. எந்தப் பதிவு எது என்று பிரித்துச் சொல்ல அந்த எண்தான் ஒரே பிடி.

இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சேகரிப்பாளர்கள். வில்லியம் டீன்-மயாட் என்ற சேகரிப்பாளர் 1888 முதல் 1960 வரை வந்த ஸ்காட்டிஷ் ஒலிப்பதிவுகளைப் பாடகர் வாரியாகப் பட்டியலிட்டார், அதைப் பழைய ஃபோனோகிராஃப் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று வெளியிட்டது. இன்று யாராவது ஒரு தட்டின் தேதியைச் சொன்னால், பெரும்பாலும் சுற்றி வளைத்து அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்திருக்கும். ஒரு தனி மனிதரின் உழைப்பு ஒரு துறைக்கே அடித்தளமாகியிருக்கிறது. நீங்கள் சொல்லும் தளமும் சின்ன அளவில் அப்படி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் இதைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்திருக்கின்றன, அதுவும் மிக நன்றாகவே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி, ஹேமிஷ் ஹெண்டர்சன், கேலம் மக்லீன் போன்றவர்களை ஊர் ஊராக அனுப்பிப் பாட்டும் கதையும் பதிவு செய்தது. அதே வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் அவர்களோடு சேர்ந்து அலைந்து பதிவு செய்தார், அவை இன்று இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. கான்னா தீவில் வாழ்ந்த ஜான் லோர்ன் கேம்பெல் மெழுகு உருளையிலும் தட்டிலும் பிறகு காந்தக் கம்பியிலுமாகப் பதிவு செய்த, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் மொழிப் பாடல்கள், ஆய்வுப் பள்ளியின் நாடாக்கள், பிபிசியின் பழைய பதிவுகள் மூன்றையும் சேர்த்து 2010 டிசம்பரில் வந்ததுதான் டோபர் அன் டுவல்ஹைஸ் இணையதளம். மரபின் கிணறு என்று அந்தப் பெயருக்குப் பொருள். பல்லாயிரம் பதிவுகள், பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்தவர் பெயர் என்று எல்லாமே தேடக்கூடிய விதத்தில் இருக்கின்றன. ஒருமுறை உள்ளே போனால் நேரம் போவதே தெரியாது.

ஆனால் கவனியுங்கள், இவை பெரும்பாலும் களப்பதிவுகள். பாடகர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பதிவு செய்தவை. கடையில் காசு கொடுத்து வாங்கிய தட்டுகள் வேறு ரகம். ஹாமில்டனைச் சேர்ந்த பீட்டர் வைபர் மெலோடியன் என்ற அக்கார்டியன் வகைக் கருவியை வாசித்த தட்டுகள், ஓல்ட்மெல்ட்ரம் ஊரின் வில்லி கெம்ப் பாடிய பண்ணையாள் பாட்டுகள், 1933இல் முதல் தட்டு கொடுத்த ஜிம்மி ஷாண்டின் நடன இசை, இவற்றையெல்லாம் அறிஞர்கள் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம். வியாபாரத்துக்காகப் பதிவானது அசல் நாட்டார் இசையாகாது என்ற ஒரு தயக்கம் இருந்தது. உண்மையில் ஸ்காட்லாந்து மக்கள் வீட்டில் வைத்துக் கேட்டதும், கேட்டு வாசிக்கப் பழகியதும் இந்தத் தட்டுகளைத்தான். அந்த இடைவெளியை நிரப்பியது ஆர்வலர்களின் தளங்கள். அதனால்தான் அவை மூடும்போது இழப்பு இவ்வளவு பெரிதாகிறது.

தனி ஆள் ஒருவர் வீட்டில் ஒரு தொகுப்பு கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் மேடிசன் கார்ப்பெண்டர் கதையைச் சொல்லலாம். அமெரிக்கர். 1928 முதல் 1935 வரை பிரிட்டனில் சுற்றியவர், குறிப்பாக ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஏராளமான நாட்டார் பாடல்களைச் சேகரித்தார், டிக்டாஃபோன் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளைகளில். ஊர் திரும்பிய பிறகு அது அவரிடமே கிடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கியது 1972இல்தான். எல்லோரும் இணையத்தில் கேட்கும்படி வந்தது 2018இல். அதாவது சேகரித்து முடித்து எண்பது வருடத்துக்கு மேல். அவரை யாரோ தேடிப்போய்க் கேட்டதால் இது தப்பித்தது. இணையதளத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. மெழுகு உருளை பரணில் நாற்பது வருடம் காத்திருக்கும். டொமைன் (இணைய முகவரி) கட்டணம் ஒரு வருடம் கட்டாவிட்டால் தளம் போய்விடும். நான் தினமும் பார்த்துவந்த ஒரு தட்டுப் பட்டியல் அப்படித்தான் போனது. ஒருநாள் திறந்தால் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம். நடத்தியவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன, வீட்டாருக்கு அப்படி ஒரு தளம் இருந்ததே தெரியாது. என்னிடம் மிஞ்சியது நான் அச்செடுத்து வைத்திருந்த நாலு தாள் மட்டும்.

தளங்கள் சாவதற்கு வேறு வழிகளும் உண்டு. 90களில் இணைய இணைப்பு தந்த நிறுவனங்களே கொஞ்சம் இடம் இலவசமாகக் கொடுத்தன, பலர் அங்கேதான் தளம் வைத்தார்கள், நிறுவனம் கைமாறியதும் அது போயிற்று. இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியது. யாஹூ குழுக்களில் சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த பேச்செல்லாம் 2019 டிசம்பரிலும் அடுத்த வருடத்திலுமாக அழிந்தது. சில தளங்கள் இன்னும் திறக்கும், ஆனால் பாட்டு ஓடாது. காரணம், ரியல் ஆடியோ என்ற பழைய வடிவக் கோப்பாக இருக்கும், அல்லது ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருள் வழியாக ஓடியிருக்கும், ஃபிளாஷ் 2020 கடைசியோடு முடிந்துபோனது. அப்படிப்பட்ட தளத்தைப் பார்த்தால் செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் பல நேரம் ஒலிக்கோப்பின் முகவரி அங்கேயே இருக்கும், கோப்பும் சர்வரில் அப்படியே இருக்கும்.

பெரிய இடத்தில் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்கியபோது அதன் ஒலித்தொகுப்புத் தளமும், பிரிட்டிஷ் தளங்களின் நகல்களைச் சேமிக்கும் பிரிட்டிஷ் இணைய ஆவணமும் சேர்ந்தே முடங்கின, மாதக்கணக்கில். 2024 அக்டோபரில் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவையும் தாக்கினார்கள், பழைய இணையப் பக்கங்களின் நகல்களை வைத்திருக்கும் அதன் வேபேக் மெஷினே சில நாள் திறக்கவில்லை. இரண்டும் மீண்டுவிட்டன அல்லது மீண்டு வருகின்றன. ஆனாலும் ஒரே இடத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. அந்தத் தள உரிமையாளரிடம் பேசுங்கள், இந்த வாரமே. அவர் கம்ப்யூட்டரில் தளத்தின் மூல ஃபோல்டர் இருக்கும், அதைக் கேளுங்கள். வெளியிலிருந்து பக்கம் பக்கமாக இறக்குவதைவிட அது நூறு மடங்கு மேல். தளத்தில் ஏற்றியது சின்ன எம்பி3 ஆக இருக்கலாம், அவரிடம் தட்டிலிருந்து முதலில் எடுத்த பெரிய வேவ் கோப்பு இருக்கலாம். லேபிள்களைப் பெரிதாக ஸ்கேன் செய்து வைத்திருப்பார், தளத்துக்காகச் சுருக்கிப் போட்டிருப்பார். தளத்தில் தேடுபெட்டி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது என்று பொருள். வேபேக் மெஷினால் அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது லிங்க் வழியாகப் போகும், பெட்டியில் தட்டச்சு செய்து தேடாது. அந்தத் தரவை ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாக, சிஎஸ்வி ஆக, எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தக் காலத்திலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

அதோடு அவரிடமிருந்து ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வாங்குங்கள். “என் தளத்தின் எழுத்தையும் படங்களையும் பட்டியல்களையும் இன்னின்னார் நகலெடுத்துத் தொடர்ந்து வெளியிடலாம், ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுக்கலாம்” என்று நாலு வரி போதும். பிரிட்டனில் எழுத்தின் காப்புரிமை எழுதியவர் இறந்து எழுபது வருடம் நிற்கும். அவர் போன பிறகு அந்த உரிமை வாரிசுகளிடம் போகும், அவர்களைத் தேடிப்பிடித்துப் புரியவைப்பதற்குள் காலம் ஓடிவிடும். இப்போது ஐந்து நிமிட வேலை, பிறகு ஐந்து வருட வேலை.

அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் பொதுவெளியில் இருக்கும் பக்கங்களை வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முகப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. ஒவ்வொரு உள்பக்கத்தையும் கொடுக்க வேண்டும், பிறகு சேமித்த நகலைத் திறந்து பாட்டு ஓடுகிறதா என்று கேட்டே பார்க்க வேண்டும். பக்கம் இருக்கும், படம் இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. இது அடிக்கடி நடக்கிறது. சொந்த நகலுக்கு, தளத்தை மொத்தமாக இறக்கும் எச்டிடிராக் அல்லது டபிள்யூகெட் மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். பழைய தளம் சின்ன சர்வரில் இருக்கும், எனவே மெதுவாக, கோப்புக்குக் கோப்பு சில நொடி இடைவெளி விட்டு இறக்குங்கள். காப்பாற்றப் போய் நாமே தளத்தைப் படுக்கவைத்துவிடக் கூடாது. பின்னால் நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வார்க் (இணையதள நகல்களைச் சேமிக்கும் கோப்பு வகை) வடிவத்தில் ஒரு நகல் எடுங்கள், ஆவணக் காப்பகங்கள் அதைத்தான் கேட்கும்.

எம்பி3 கோப்புகளை இறக்கியதும் ஒரு வேலை செய்தே ஆக வேண்டும். கோப்பின் பெயர் ‘ட்ராக்07’ என்று இருக்கும். அது யார் என்பது பக்கத்தில்தான் எழுதியிருக்கும். இரண்டும் பிரிந்தால் பெயர் தெரியாத ஒரு ஃபிடில் (வயலின்) சத்தம் மட்டும்தான் மிஞ்சும். எனவே கலைஞர், பாட்டு, லேபிள், தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், தேதி எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே டேக் ஆக, அதாவது கோப்போடு ஒட்டியிருக்கும் குறிப்பாக, எழுதுங்கள். அலுப்பான வேலைதான், நூறு கோப்புக்கு ஒரு நாள் போய்விடும். ஆனால் இந்த வேலை முழுவதிலும் அதிகம் பலன் தருவது இதுதான்.

அவரிடம் தட்டுகளும் இருந்து, மறுபடி அவற்றை ஒலிக்கோப்பாக மாற்றலாம் என்று வந்தால் சில விஷயங்கள். இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, அந்த அரக்கில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போனது. கீழே விழுந்தால் உடையும். பின்னால் வந்த எல்பி தட்டுகளுக்கான ஊசியை வைக்காதீர்கள். 78 தட்டின் பள்ளம் அகலம், ஊசி முனை ஏறத்தாழ 75 மைக்ரான் இருக்க வேண்டும், எல்பி ஊசி அதில் மூன்றில் ஒரு பங்குதான், பள்ளத்தின் அடியில் உரசி வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். அப்புறம் வேகம். 78 என்று சொல்கிறோமே தவிர, 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வேகத்தில் பதிவு செய்தது. ஸ்காட் ஸ்கின்னர் போன்ற ஃபிடில் மேதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசித்ததை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 78இல் ஓட்டினால் சுருதியும் காலமும் இரண்டும் பொய்யாகும். அவர் அவ்வளவு வேகமாக வாசித்தாரா என்று நாம் வியந்துகொண்டிருப்போம், வாசித்தது அவர் இல்லை, மோட்டார்.

பேக்பைப்பில் இது இன்னும் சிக்கல். இன்றைய பேக்பைப்பின் ஆதார சுரம் 480 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. நூறு வருடம் முன்பு அது நன்றாகவே தாழ்ந்திருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இன்றைய சுருதிக்குப் பொருத்திப் பழைய தட்டின் வேகத்தைக் கூட்டினால், மாமேதை ஒருவர் அவசர அவசரமாக வாசித்தது போலாகிவிடும். இன்னொன்று, தானாக இரைச்சல் நீக்கும் மென்பொருள் இடைவிடாத ஒரே சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். பேக்பைப்பின் டிரோன், நம் சுருதிப்பெட்டி மாதிரி, இடைவிடாத ஒரே சத்தம்தானே? அதையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே சுத்தம் செய்யாத முதல் நகலை, 24 பிட் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக, எந்த வேகத்தில் எந்த ஊசியில் எடுத்தது என்ற குறிப்போடு தனியாக வையுங்கள். அழகுபடுத்திய நகலை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பிரிட்டனில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் 2013இல் எழுபது வருடமாக நீண்டது, ஆனால் 1963க்கு முன் வெளியான தட்டுகளின் உரிமை அதற்குள் காலாவதியாகிவிட்டது, அது திரும்ப வரவில்லை. எனவே நாம் பேசும் தட்டுகள் பெரும்பாலும் அங்கே தாராளமாகப் பகிரக்கூடியவை. ஒலிப்பதிவுக்கும் பாட்டுக்கும் உரிமை தனித்தனி என்பதை மறக்காதீர்கள். லாடர் 1950இல் இறந்தார், அவர் தானே எழுதிய பாட்டுகள் 2021 முதல் அங்கே பொதுச்சொத்து, வேறொருவரோடு சேர்ந்து எழுதியது என்றால் அவருடைய மறைவு வருடத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க சர்வரில் ஏற்றுவதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு நூறு வருடம். இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 தட்டுத் திட்டத்தின் மேல் பெரிய இசை நிறுவனங்கள் 2023இல் வழக்குப் போட்டதும் இந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான். எனவே 1930களின் ஷாண்ட் தட்டுகளைப் பிரிட்டனில் இருக்கும் ஒரு சர்வரில் வைப்பதே நல்லது என்பேன். எழுத்துக்கும் பட்டியலுக்கும் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது, அவர் அனுமதி ஒன்றே போதும்.

கடைசியாக, எங்கே கொடுப்பது? பிரிட்டிஷ் இணைய ஆவணத்துக்கு எந்த பிரிட்டிஷ் தளத்தையும் யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆனால் உரிமையாளர் திறந்த அனுமதி கொடுக்காவிட்டால் அந்த நகலைச் சட்டப்படி நூலக வாசிப்பறையில் போய் உட்கார்ந்துதான் பார்க்க முடியும், அந்த நாலு வரிக் கடிதம் இங்கேயும் உதவும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு எழுதுங்கள். 2017 முதல் 2022 வரை பிரிட்டிஷ் நூலகம் நடத்திய ஒலிமரபுத் திட்டத்தில் ஸ்காட்லாந்தின் மையமாக இருந்தது அதுதான், இந்த விஷயம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுபோய் நீட்டினால் தயங்குவார்கள். ஒழுங்கான பட்டியல், அனுமதிக் கடிதம், பெயரிட்ட கோப்புகள் மூன்றோடு போனால் பேச்சே வேறு. நூலகம் பதில் சொல்லும்வரை உங்களிடம் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் ஆர்வலர் ஒருவரிடம் ஒன்று என இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று. அவரைப் பார்க்கப் போகும்போது ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிடுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டுதான். தட்டை ஒவ்வொன்றாக எடுத்து இதை எங்கே வாங்கினீர்கள், இது இவர்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். தளத்தில் ‘அனேகமாக 1929’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். ஏன் 1929, ஏன் அனேகமாக என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருப்பார்கள், தளத்தில் ஏறாத பாதி விஷயம் அதில் இருக்கும். அதையும் கேட்டு வாங்கி, பக்கம் விடாமல் படமெடுத்துவிட்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.